பாண்டிச்சேரியில் விடிந்த நேரம்

“அன்னைக்கு சூரியன் எத்தனை மணிக்கு உதிச்சதுன்னு தெரியுமா பாய்?”

நான் சாட்சிக் கூண்டில் நின்றிருந்தேன். கேட்டவர் எதிர்த்தரப்பு வக்கீல். ஒரு தாளால் முகத்துக்கு விசிறிக்கொண்டே கேட்டார். கோர்ட்டில் மின்விசிறி சுற்றாமல் இல்லை. ஆனால் அதன் காற்று நீதிபதி மேஜையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு கட்டியிருந்தது.

“தெரியாது சார்,” என்றேன்.

“தெரியாது!” என்று நீதிபதி பக்கம் திரும்பினார். ஓடுகிற பஸ்ஸில் பிக்பாக்கெட்டைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். “சாட்சிக்கு சூரியன் உதிச்ச நேரம் தெரியாது மேடம். ஆனா கார்லேர்ந்து எறங்கினவன் மூஞ்சி மட்டும் தெளிவா தெரியும்!”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

என்னைப் பல ஊர்களில் பல பேர் முட்டாளாக்கியிருக்கிறார்கள். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அதில் பாதி தெரியும். ஆனால் சூரியனைக் கொண்டுவந்து என்னை முட்டாளாக்கப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

வசந்தம் அச்சடித்த தாள்

அந்தத் தாளை என்னிடமும் காட்டினார்கள். ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து எடுத்த கலர் பிரிண்ட். மேல் மூலையில் மஞ்சள் சூரியன், அதன் தோளில் சாய்ந்தாற்போல ஒரு மேகம். எல்.கே.ஜி. பிள்ளைகளின் புத்தகத்திலிருந்து கிழித்தது போல இருந்தது. பாண்டிச்சேரி நகரம், வசந்த காலத் தொடக்கம், முந்தைய வருடங்களின் தினசரி வானிலை, பகல் வெளிச்சம் என்று இங்கிலீஷில் தலைப்பு. கீழே கட்டம் கட்டமாக எண்கள். சூடு, ஈரப்பதம், காற்று, சூரியன் வந்த நேரம், போன நேரம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தது என்பது வரைக்கும்.

எங்கள் கரைக்கு வசந்தம் என்று ஒன்று வந்துபோவதே எனக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரியும். மாசி முடியும்போது பனி விலகும். விலகின கையோடு வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் குயில் கூவவோ மரம் துளிர்க்கவோ யாரும் அவகாசம் தருவதில்லை. அந்த மாதத்தில் மரக்காணத்தில் பூப்பது பாத்தியில் உப்பு ஒன்றுதான்.

வக்கீலுக்கு வசந்தம் வேண்டியிருக்கவில்லை. இரண்டே கட்டங்கள் வேண்டியிருந்தன. ஒன்றில் சூரியன் உதித்த நேரம். இன்னொன்றில் ‘அதிகாலையில் பனிமூட்டம்’ என்று ஒரு வார்த்தை. அந்த இரண்டையும் பச்சை மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஒரு பெண்பிள்ளை செத்துப்போன வழக்கை அந்த இரண்டு வட்டத்துக்குள் போட்டு மூடிவிடலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

ஒரு போன் பேசும் நேரம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் ஜமாலுதீன். வீடு கூனிமேட்டில். வளைகுடாவில் பாதி ஆயுசைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து, மரக்காணத்தில் பம்ப்செட்டும் பைப்பும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். உப்பளக்காரர்கள்தான் எனக்கு வாடிக்கை. வெயில் ஏறுவதற்குள் அவர்கள் பாதி வேலையை முடித்துவிடுவார்கள். அதனால் என் கடையும் சீக்கிரம் திறக்கும்.

போன வருஷம் மார்ச் முதல் வாரம். நோன்பு மாதம். விடியுமுன் சஹர் சாப்பிட்டு, பள்ளிவாசலில் அதிகாலை ஃபஜர் தொழுதுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். உப்பளத்தை ஒட்டின ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன். ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

“ஏங்க, பேரீச்சம்பழம் தீர்ந்துபோச்சு. சாயங்காலம் வர்றப்ப மறந்துட்டு வந்து நிக்காதீங்க,” என்றாள் என் மனைவி மும்தாஜ்.

“சரி, வாங்கிட்டு வர்றேன். வெக்கிறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் போன்தான் பிறகு கோர்ட்டில் என் கழுத்தைச் சுற்றியது. எந்த நிமிஷத்தில் நான் அங்கே நின்றேன் என்பது போன் கம்பெனிக்காரன் கணக்கில் இருந்தது. பாண்டிச்சேரித் தாளில் சூரியன் அதற்குக் கொஞ்சம் பிற்பாடுதான் வந்திருந்தது.

சூரியன் வரவில்லைதான். ஆனால் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. விடியற்காலையில் ஒரு நாளாவது உப்பளப் பக்கம் நின்றவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கிழக்கே வானம் வெளுத்ததும் பாத்தித் தண்ணீர் அத்தனையும் சேர்ந்து வெளுக்கும். வாரிக் குவித்த உப்பு வேறு. மற்ற ஊர்களில் வெளிச்சம் மேலிருந்து இறங்கும். அங்கே தரையிலிருந்தும் கிளம்பி வரும். ரோட்டோரத்துக் கருவேல முள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது.

பிலோமினா சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார். உப்பு வாருகிற பெண். அவருடைய வீட்டுக்காரர் அருளப்பன் என் கடைக்கு வருகிறவர்; இந்த அம்மாவை முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி ஆடிக்கொண்டிருந்தது. ரோட்டின் இடது ஓரத்தில், மண்ணில் இறங்கப்போகிற அளவுக்கு ஓரத்தில், போனார்.

போனைச் சட்டைப் பையில் போட்டேன். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் காற்றை அடித்துக்கொண்டு என்னைக் கடந்தது. அப்புறம் அந்தச் சத்தம்.

கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு வாலிபன் இறங்கினான். தலையில் கை வைத்தபடி கீழே கிடந்தவரைப் பார்த்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். என்னைப் பார்த்தான். தூக்கம் கலையாத, தாடியை ஒழுங்காக வெட்டிவிட்ட, நல்ல சாப்பாடு சாப்பிட்ட முகம். பிறகு ஏறி உட்கார்ந்தான்.

“டேய்! நில்லுடா! ஆளு கெடக்குது, நில்லுடா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். கார் போய்விட்டது. திரும்பி வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உப்பளத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அருளப்பன் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் பிலோமினா போய்விட்டார்.

ஆள் அங்கே இல்லை, இருந்தாலும்

காரின் நம்பரில் பாதியை நான் சொன்னேன். மீதியைப் போலீஸ் கண்டுபிடித்தது. முன்பக்கம் நசுங்கிய கார் ஒரு ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றதாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் வைத்திருக்கிற ஒருவரின் மகனுடைய கார். ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னபோது அவனைத் தொட்டுக் காட்டினேன்.

அவன் தரப்பு வாதத்தைக் கேளுங்கள். கார் அவனுடையதுதான், ஓட்டியது அவன் இல்லை. சாவி ரிசார்ட் வாட்ச்மேனிடம் இருந்தது. வாட்ச்மேன் எங்கே? ஊருக்குப் போய்விட்டான். எந்த ஊர்? வடக்கே. வடக்கே எங்கே? அது தெரியாது. சரி, ஓட்டியது யாராக இருந்தாலும் தப்பு அந்த அம்மா மேல்தான். கும்மிருட்டில், பனிமூட்டத்தில், சைக்கிளில் ஒரு லைட்டுகூட இல்லாமல் ரோட்டின் நடுவில் வந்தால் யார்தான் என்ன செய்வார்கள்?

ஆள் அங்கே இல்லவே இல்லை. இருந்தாலும் இருட்டு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வெட்கம் வேண்டாமா என்று நான் நினைத்தேன். வெட்கத்தை விடுவதும் பீஸுக்குள் அடங்கும் போலிருக்கிறது.

ஊருக்கு அந்த இருட்டு பிடித்துப்போனதுதான் எனக்கு ஆச்சரியம். அன்றைக்குக் காலையில் உப்பளத்தில் நின்று வேலை செய்தவர்களே இரண்டு மாதம் போனதும், “ஆமாம்பா, கொஞ்சம் இருட்டாத்தான் இருந்துது,” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இருட்டில் எப்படி உப்பு வாரினாய் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். டீக்கடையில் எனக்கு ‘சூரியன் பாய்’ என்று பெயர் வைத்தார்கள். நான் உள்ளே நுழைந்தால், “விடிஞ்சிடுச்சா பாய்?” என்று ஒருத்தன் கேட்பான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு.

எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெரியவர். எந்த விஷயத்திலும் தலையிடாததையே ஒரு தகுதியாக வளர்த்துப் பெரியவரானவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“நமக்கு எதுக்கு ஜமால் இந்தப் பொல்லாப்பு? செத்தது நம்ம ஆளு இல்ல. இடிச்சதும் நம்ம ஆளு இல்ல.”

“ரோட்டுல நின்னது நம்ம ஆளுதானே ஹஜ்ரத்?” என்றேன்.

“நோன்புல இருந்தேன், சரியா கவனிக்கலன்னு சொல்லிடேன். பொய்யும் ஆகாது.”

பொய்யும் ஆகாது என்று அவர் சொன்ன அழகை வைத்து ஒரு கோர்ட்டே கட்டலாம். வீட்டுக்கு வந்து மும்தாஜிடம் சொன்னேன்.

“பாத்தீங்களா இல்லியா?” என்று கேட்டாள்.

“பாத்தேன்.”

“அப்புறம் என்ன? கைய கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது.”

என் குடும்பத்தில் சட்டம் படித்தவர்கள் யாரும் இல்லை. தேவையும் வந்ததில்லை.

அருளப்பனுக்கு என்னைவிட மோசம். மாதா கோயில் வாசலில் வைத்தே ஒருத்தர் அவரிடம், “ஒரு டார்ச் லைட்டாவது கட்டி அனுப்பியிருக்கலாம் இல்ல அருளு?” என்று கேட்டாராம். துக்கம் விசாரிக்கிறாராம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரிடம் அவள் சாவுக்குக் காரணம் அவர் கட்டாத டார்ச் லைட் என்று சொல்லிவிட்டுப் பூசைக்குள் போயிருக்கிறார் அந்தப் புண்ணியவான்.

ஐம்பதைத் தொடாத வெயில்

எனக்கு வானிலை எண்களின் மேல் ஏன் இவ்வளவு இளக்காரம் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வளைகுடாவில் நான் ஒரு கட்டட கம்பெனியில் ஸ்டோர் பார்த்தேன். சூடு ஐம்பது டிகிரியைத் தொட்டால் வெளிவேலையை நிறுத்திவிட வேண்டும் என்று ஆட்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அது சட்டமா, ஆசையா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ஆனால் எங்கள் சூப்பர்வைசர் அதற்கு மிகவும் மரியாதை கொடுத்தார். தினமும் மத்தியானம் ஒரு போர்டில் அன்றைய சூட்டை எழுதி வைப்பார். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. நாற்பத்தெட்டு. ஐம்பது வரவே வராது.

தெர்மாமீட்டர் எங்கே தொங்கியது தெரியுமா? ஆபீஸ் வராந்தாவில், ஏ.சி. ரூம் கதவுக்குப் பக்கத்தில். கதவு திறக்கும்போதெல்லாம் அதற்குக் குளிர்காற்று கிடைக்கும். எங்களில் யாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

கோட்டக்குப்பத்துக்காரர் சலீம் என்று ஒருத்தர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அப்படியே குப்புற விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்து நிழலில் போட்டுத் தண்ணீர் தெளித்தோம். சூப்பர்வைசர் வந்தார். சலீமைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தார்.

“இன்னிக்கு நாற்பத்தெட்டுதானே? இதுக்கா விழுந்தான்?” என்றார்.

சலீம் பிழைத்துக்கொண்டார். ஊருக்கு வந்து பேரன் பேத்தியோடு இருக்கிறார். அன்றிலிருந்து யார் என்னிடம் சூடு, மழை, காற்று என்று ஒரு எண்ணைக் கொண்டுவந்து நீட்டினாலும், இதை எந்த வராந்தாவில் வைத்து எடுத்தாய் என்று கேட்கத் தோன்றும்.

மரக்காணம் என்ற பெயரே வெளியுலகத்துக்குப் புயல் வந்தால்தான் ஞாபகம் வருகிறது. கரையைக் கடக்கிற இடம் என்று எங்கள் ஊரை மேப்பில் சிவப்பாகச் சுழற்றிக் காட்டுவார்கள். மஞ்சள் ரெயின்கோட் போட்ட ஒரு பெண் மைக்கோடு கடற்கரையில் நின்று, காற்று பலமாக வீசுகிறது என்று காற்றிலேயே நிற்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். புயல் போன மறுநாள் மைக்கும் போய்விடும். கரைந்துபோன உப்பைப் பார்க்க ஒரு ரெயின்கோட்டும் வராது. ஊரில் நல்ல வெயில் அடித்த நாளையும், பொழுது நன்றாக விடிந்த நாளையும் யாரும் வந்து எழுதிக்கொண்டு போனதில்லை. எழுதாததால் அது விடியவில்லை என்று ஆகிவிட்டது.

கன்னியாகுமரி வரைக்கும்

கோர்ட்டுக்கு வருகிறேன்.

“நோன்பு வெச்சிருந்தீங்க இல்லையா? தலை சுத்தியிருக்கும், கண்ணு இருட்டியிருக்கும்,” என்றார் வக்கீல்.

“நோன்பு தொடங்கி ஒரு மணி நேரம் போலத்தான் ஆகியிருக்கும் சார். அதுக்கு முன்னாடி வயிறு நெறைய சாப்டுட்டுத்தான் கிளம்பினேன். நீங்க காலையில நாஷ்டா சாப்டாம வந்திருந்தீங்கன்னா, இப்ப எனக்கு இருக்கிற தெம்பு உங்களுக்கு இருக்காது.”

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சூரியன் உதிக்கல. பனிமூட்டம் வேற. ரெக்கார்ட் சொல்லுது. ரெக்கார்ட் பொய் சொல்லுமா?”

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் அடுத்த கேஸ் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கேஸில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டின் பாதிகூட நிறையாது.

அப்போதுதான் நீதிபதி வாயைத் திறந்தார். சின்ன வயசுப் பெண். அந்தக் கோர்ட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்ததால் அவரையும் நான் நம்பியிருக்கவில்லை.

“இந்த ரெக்கார்ட் எந்த ஊருக்கு சார்?”

“பாண்டிச்சேரி சிட்டி, மேடம்.”

“சம்பவம் நடந்தது?”

“மரக்காணம், மேடம். பக்கம்தான். ஒரே கடற்கரைதான்.”

“கன்னியாகுமரி வரைக்கும் அதே கடற்கரைதான் சார்,” என்றார் மேடம்.

பின் பெஞ்சில் மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அது எனக்கு இனித்தது.

“பனிமூட்டம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த நேரத்துல அந்த எடத்துல எவ்வளவு வெளிச்சம் இருக்கும்னு இங்க உக்காந்து பேசிப் பிரயோஜனம் இல்ல. வர்ற மார்ச் முதல் வாரம், அதே நேரத்துல நானே வந்து பாக்கிறேன். ரெண்டு தரப்பும் வந்துடுங்க.”

அரசு வக்கீல் அப்போதுதான் விழித்துக்கொண்டு, “காலையிலயா மேடம்?” என்று கேட்டார். வழக்கு முழுக்க அவர் மனசார எழுப்பிய ஒரே ஆட்சேபணை அது.

பெஞ்ச் கிளார்க்கின் அவசரம்

சொன்னபடியே மேடம் வந்தார். இந்த வருஷமும் நோன்பு மாதம். ஃபஜர் தொழுதுவிட்டு நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது உப்பள ரோட்டில் கோர்ட்டே வந்து நின்றிருந்தது. ஒரு ஜீப், இரண்டு கார். பெஞ்ச் கிளார்க் ஒரு பைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அரசு வக்கீல் மப்ளர் சுற்றியிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவனும் வந்திருந்தான், காரை விட்டு இறங்கவில்லை. அருளப்பன் வரப்போரத்தில் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் அன்றைக்கு உற்சாகமாக இருந்தார். காரணம், உண்மையாகவே பனி இறங்கியிருந்தது. பாத்திகளின் மேல் மெல்லிசாகப் புகை போலப் படிந்திருந்தது.

“பாருங்க மேடம், ரெக்கார்ட்ல சொன்னபடியே மிஸ்ட் இருக்குது,” என்றார். அவரே ஆர்டர் கொடுத்து வரவழைத்தது மாதிரி.

ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்த வெளிச்சம் அன்றைக்குப் பார்த்து வராமல் போய்விட்டால்? வானத்தோடு நான் ஒப்பந்தம் ஒன்றும் போடவில்லையே. மேடம் வந்தபோது அரை இருட்டாகத்தான் இருந்தது. யார் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுகொண்டோம். தூரத்தில் உப்பு வாருகிற சத்தம் மட்டும் சரக் சரக்கென்று வந்தது.

பிறகு வழக்கம்போல அது வந்தது. முதலில் தண்ணீர் தெரிந்தது. அப்புறம் உப்புக் குவியல்கள். அப்புறம் மேடத்தின் கைக்கடிகாரத்துச் சங்கிலி. பனி இருந்த இடத்திலேயே இருந்தது. அதுவும் சேர்ந்து வெள்ளையாகி, இருந்த வெளிச்சத்தைக் கூட்டித்தான் காட்டியது.

கார் நின்ற இடத்தில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள். மேடம் என்னை நான் நின்ற இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“அவர் மூஞ்சி எனக்கு நல்லா தெரியுது,” என்றார்.

“அவர நாமதான் அங்க நிறுத்தினோம் மேடம்,” என்றார் வக்கீல் உடனே. “அங்க நிக்கிறது அவர்தான்னு நமக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச மூஞ்சிய மனசு நிரப்பிக்கும். யாரு நிக்கிறதுன்னு முன்னாடி சொல்லாம ஒருத்தர நிறுத்தினா இந்தத் தூரத்துக்கு ஒண்ணும் தெரியாது.”

மேடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கான்ஸ்டபிளையும் தாண்டிப் பார்த்தார். அவருக்கும் அப்பால், அதைப்போல இன்னொரு மடங்கு தூரத்தில், வரப்பிலிருந்து ஒரு உருவம் இறங்கி, கருவேலம் புதரை நோக்கி வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

“அது யாரு சார் அங்க போறது?” என்று கேட்டார்.

வக்கீல் திரும்பிப் பார்த்தார். “நம்ம பெஞ்ச் கிளார்க் மேடம்,” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றது.

“நிச்சயமாவா?” என்று மேடம் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. கான்ஸ்டபிள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தன்னை ஒரு கோர்ட்டே பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்த பெஞ்ச் கிளார்க், புதருக்குப் பின்னால் போகவும் முடியாமல் திரும்பி வரவும் முடியாமல், கையை உயர்த்தி ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“இன்னும் சூரியன் வரல, இல்ல?” என்றார் மேடம்.

“இன்னும் இல்ல மேடம்,” என்றார் வக்கீல். பனிமூட்டம் பற்றி அதற்குமேல் அவர் பேசவில்லை. பச்சை வட்டம் போட்ட தாளை நாலாக மடித்து கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

கோர்ட்டு வாசலில்

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவன் குற்றவாளி என்று மேடம் சொன்னார். சிறைத்தண்டனை என்றார். அன்றைக்குச் சாயங்காலமே ஜாமீனில் அவன் வீட்டுக்குப் போனான், அப்பீலும் போட்டாகிவிட்டது. அப்பீலோடு இன்னும் ஒரு வானிலைத் தாளைச் சேர்த்திருப்பதாகக் கேள்வி. இந்தத் தடவை எந்த ஊரில் விடிந்த நேரமோ.

டீக்கடையில் இப்போது எல்லோரும் அன்றைக்கு வெளிச்சம் இருந்ததாகச் சொல்கிறார்கள். “பளபளன்னு விடிஞ்சிருந்துதுப்பா, நானே பாத்தேன்,” என்கிறான் என்னை மத்தியானத்தில் விடிந்ததா என்று கேட்டவன். ஜமாஅத்துப் பெரியவர் என்னைப் பற்றி வெளியில், “நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன்,” என்று பேசிக்கொள்கிறாராம். இருக்கட்டும். அவர்களுக்கும் பொழுது விடியவேண்டும்தானே.

தீர்ப்பன்றைக்கு அருளப்பனும் நானும் கோர்ட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவரைப் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தது. அவன் எத்தனை காலம் ஜெயிலில் இருப்பான், இருப்பானா மாட்டானா என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“ரோட்டு ஓரத்துல அவ ஒழுங்காத்தான் போனான்னு மேடம் படிச்சாங்க இல்ல பாய்?”

“படிச்சாங்க. வெளிச்சம் இருந்துது, அவங்க மேல தப்பில்லன்னும் படிச்சாங்க.”

“அது போதும்,” என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பாய், ஒண்ணு கேக்கணும். இந்த ஒரு வருஷமா அவன் மூஞ்சி தெரிஞ்சுதா, அவன் மூஞ்சி தெரிஞ்சுதான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. அவ மூஞ்சி தெரிஞ்சுதா உங்களுக்கு? நான் ஓடியாறதுக்குள்ள ஆளுங்க சுத்தி நின்னுட்டாங்க, ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்பவும் கிட்ட விடல. அப்புறம் ஆஸ்பத்திரியில பாத்தது அவ மூஞ்சியே இல்ல.”

சாட்சிக் கூண்டில்கூட இப்படித் தடுமாறியதில்லை.

“தெரிஞ்சுது,” என்றேன். “நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். கண்ணத் தொறந்து என்னைப் பாத்தாங்க. முகத்துல அடி ஒண்ணும் இல்ல. நெத்தியில மண்ணு மட்டும் ஒட்டியிருந்துது, தொடச்சு விட்டேன்.”

“வலியில இருந்தாளா?”

“இல்ல. நீங்க யாரு, இங்க என்ன பண்றீங்கன்னு கேக்கிற மாதிரி பாத்தாங்க.”

அருளப்பன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அவர் மனைவி போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

“அப்படித்தான் பாப்பா,” என்றார். “கல்யாணத்தன்னைக்கு என்னையும் அப்படித்தான் பாத்தா.”